மணி பார்க்க மொபைல்... மதிப்பு பார்க்க வாட்ச்! அம்பத்தூர் டு ஆவடி ஒரு 'டிக் டிக்' அலசல்

காலை 8 மணிக்கு ஆவடியிலிருந்து சென்ட்ரல் போகும் லோக்கல் டிரெயினில் ஏறிப் பாருங்கள். கூட்டத்தில் முகங்கள் தெரியாது, கைகள்தான் தெரியும். கைப்பிடியைப் பிடித்துத் தொங்கும் அத்தனை கைகளிலும் ஏதோ ஒன்று மின்னும். ஒன்றில் கறுப்பு ஸ்மார்ட்வாட்ச், அடுத்ததில் தங்க நிற கேஸியோ, அதற்கடுத்ததில் பச்சை டயல் 'ரோலக்ஸ்'. மாதாந்திர சீசன் டிக்கெட்டில் வருகிற ரோலக்ஸ் என்பதால் அதை மேற்கோள் குறிக்குள்ளேயே விட்டுவிடலாம்.

இப்போது அதே கூட்டத்தில், "ப்ரோ, டைம் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் பாக்கெட்டில் கையை விட்டு மொபைலை எடுப்பார்கள். மொபைலை எடுக்கிற அந்தக் கையிலேயே வாட்ச் கட்டியிருக்கும்!

வாட்ச் பார்த்துக்கொண்டிருந்த ஒரே வேலையை மொபைல் பிடுங்கிக்கொண்டது. வேலை போனால் நமக்கெல்லாம் சம்பளம் நிற்கும். வாட்ச்சுக்கு மட்டும் வேலை போன பிறகுதான் சம்பளம் ஏறியிருக்கிறது. ஆயிரம் ரூபாய் பொருள் ஆசைப் பொருளாகி, ஆசைப் பொருள் சேகரிப்புப் பொருளாகி, இன்று அரசியல் அறிக்கை விடுகிற அளவுக்கு வந்து நிற்கிறது. அது எப்படி நடந்தது, இந்த ஆசை நம்ம ஏரியா பசங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று கொஞ்சம் 'கண்ணாடி' போட்டுப் பார்ப்போம்.

ஏன் இப்போ இந்தப் பேச்சு?

2025 பிப்ரவரி 23. துபாயில் சாம்பியன்ஸ் டிராபி, இந்தியா - பாகிஸ்தான் மேட்ச். ஹர்திக் பாண்டியா விக்கெட் எடுத்தார். அடுத்த நிமிடம் இன்டர்நெட் பேசியது விக்கெட்டைப் பற்றி அல்ல, அவர் கையில் இருந்த ரிச்சர்ட் மில் வாட்ச்சைப் பற்றி. விலை சுமார் 7 கோடி ரூபாய் என்று செய்திகள் வந்தன. அம்பத்தூர் எஸ்டேட்டில் மாசம் 20,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒரு தம்பி, டீ கூடக் குடிக்காமல் மொத்தத்தையும் சேர்த்தால் அதை வாங்க 291 வருஷம் ஆகும். அதாவது, 1734-லேயே டியூட்டியில் சேர்ந்திருக்க வேண்டும். அப்போது இந்தப் பக்கம் ஆற்காடு நவாப் ஆட்சி. பி.எஃப். பிடித்திருப்பாரா என்பது வேறு கதை.

அரசாங்கமும் இதைக் கவனிக்காமல் இல்லை. 2025 ஏப்ரல் 22 முதல், 10 லட்சம் ரூபாய்க்கு மேல் வாட்ச் வாங்கினால் விற்பவர் 1 சதவிகிதம் வரியை அங்கேயே பிடித்து, வாங்குபவரின் பான் எண்ணில் கட்ட வேண்டும். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். ஆக, இது கூடுதல் வரி இல்லை. 'யாருப்பா இவ்ளோ விலைக்கு வாங்குறது' என்று எட்டிப் பார்க்கும் ஜன்னல்.

இன்னொரு பக்கம், கதவு அகலமாகத் திறக்கிறது. சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளோடு இந்தியா 2024 மார்ச் 10-ல் கையெழுத்துப் போட்ட வர்த்தக ஒப்பந்தம், 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன்படி சுவிஸ் வாட்ச்களுக்கான இறக்குமதி வரி ஏழு ஆண்டுகளில் படிப்படியாகக் குறைந்து பூஜ்ஜியத்துக்குப் போகும். 'சுவிஸ் வாட்ச் விலை குறையப் போகுது' என்று சேகரிப்பாளர்கள் குஷியாக இருக்கிறார்கள். அதற்குள் கம்பெனிகள் அடிப்படை விலையை எத்தனை முறை ஏற்றும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

'பில் இருக்கா?' - ஒரு தேசியக் கேள்வி

தமிழ்நாட்டில் வாட்ச் என்றால் இப்போதெல்லாம் டயல் ஞாபகம் வருவதில்லை, பில்தான் ஞாபகம் வருகிறது. உபயம், 2022 டிசம்பர்.

அன்றைய பா.ஜ.க. மாநிலத் தலைவர் அண்ணாமலை கட்டியிருந்த பெல் அண்ட் ராஸ் ரஃபேல் வாட்ச்சுக்கு, அன்றைய அமைச்சர் செந்தில் பாலாஜி ரசீது கேட்டார். உலகத்திலேயே 500 மட்டும் செய்யப்பட்ட ரகம் அது. விலை 5 லட்சம் என்று பேச்சு. ரஃபேல் விமானத்தோடு தொடர்புடைய வாட்ச் என்பதால் தேசப்பற்றோடு கட்டியிருப்பதாக அண்ணாமலை பதில் சொன்னார். மாசக்கணக்கில் 'பில் எங்கே' என்று மீம்ஸ் ஓடி, கடைசியில் 2023 ஏப்ரல் 14-ல் பில் வந்தது. 2021 மே மாதம் கோவை நண்பர் ஒருவரிடமிருந்து 3 லட்சத்துக்கு வாங்கியதாக விளக்கம் சொன்னார். வாட்ச் உலக பாஷையில் இதை 'ப்ரீ-ஓன்டு' என்பார்கள். நம்ம பாஷையில் செகண்ட் ஹேண்ட்.

இந்த விளையாட்டில் கர்நாடகா நமக்கு சீனியர். 2016-ல் முதல்வர் சித்தராமையா கட்டியிருந்த வைரம் பதித்த ஹப்லோ வாட்ச்சின் மதிப்பு 70 லட்சம் வரை இருக்கும் என்று கிளப்பிவிட்டவர் குமாரசாமி. நண்பர் பரிசாகக் கொடுத்தது என்றார் சித்தராமையா. கடைசியில் வாட்ச்சை சபாநாயகரிடம் ஒப்படைத்து, அது அரசு சொத்தாகிவிட்டது. கதையின் ட்விஸ்ட் இதற்கப்புறம்தான். அதே குமாரசாமி 2024-ல் மத்திய கனரகத் தொழில் துறை அமைச்சர் ஆனார். அந்தத் துறையின் கீழ் வரும் நிறுவனம் எது தெரியுமா? எச்.எம்.டி.! ஹப்லோவில் ஆரம்பித்தவர் எச்.எம்.டி.யில் வந்து நின்றார்.

நம் ஊர் வரலாற்றிலும் வாட்ச்சுக்குக் குறைவில்லை. 1996-ல் ஜெயலலிதாவின் போயஸ் கார்டன் வீட்டில் நடந்த சோதனையில் கைப்பற்றப்பட்ட பொருள்களின் பட்டியலில் புடவை, செருப்பு ஆகியவற்றோடு 91 கைக்கடிகாரங்களும் இடம்பெற்றன. எம்.ஜி.ஆர். விஷயம் இன்னும் உருக்கமானது. 1987-ல் அவரை அடக்கம் செய்தபோது கையில் வாட்ச் இருந்தது, அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நம்பி, மெரினா சமாதியில் காதை வைத்துக் கேட்கிறவர்கள் உண்டு. சாதாரணமாக ஒரு ஆட்டோமேட்டிக் வாட்ச் கையை விட்டு இறங்கினால் சுமார் 40 மணி நேரத்தில் நின்றுவிடும். ஆனால், இந்தக் கணக்கை அங்கே காது வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆயாவிடம் போய்ச் சொல்ல நமக்கு தைரியம் கிடையாது. சொன்னாலும் அவருக்குக் கேட்கிற 'டிக் டிக்' நிற்கப் போவதில்லை.

சினிமாவும் சும்மா இல்லை. 2022-ல் 'விக்ரம்' படத்தின் கடைசி சில நிமிடங்களில் 'ரோலக்ஸ்' என்ற பெயரோடு வந்தார் சூர்யா. படம் ஓடியதும், கமல் தன்னுடைய ரோலக்ஸையே அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். அதுவரை நம்ம பக்கம் ரோலக்ஸ் என்பது 'பெரிய பணக்காரங்க வாட்ச்'. அதற்குப் பிறகு பிளஸ் டூ பையனுக்கும் அது தெரிந்த பெயர். எந்த விளம்பர ஏஜென்சியாலும் செய்ய முடியாத வேலை அது.

ஆவடிக்கும் வாட்ச்சுக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டும்.

1955 ஜனவரியில் ஆவடியில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில்தான் 'சோஷலிச பாணி சமுதாயம்' என்ற தீர்மானம் நிறைவேறியது. பெரிய தொழில்களை அரசே நடத்தும், சாதாரண ஜனங்களுக்கான பொருளை அரசே செய்யும் என்ற எண்ணத்தின் காலம் அது. அந்த எண்ணத்தின் பிள்ளைகளில் ஒன்று எச்.எம்.டி. வாட்ச். 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் தொழிற்சாலை ஆரம்பித்தார்கள். முதல் தொகுதி வாட்ச்களை வெளியிட்டவர் நேரு. அதில் புகழ்பெற்ற மாடலின் பெயரே 'ஜனதா'. ஜனங்களின் வாட்ச்!

அம்பத்தூர் எஸ்டேட்காரர்களுக்கு எச்.எம்.டி. என்றால் முதலில் வாட்ச் ஞாபகம் வராது. லேத் மெஷின்தான் ஞாபகம் வரும். இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்ற பெயரே அதுதானே! பகல் முழுக்க எச்.எம்.டி. லேத் ஓட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கு எச்.எம்.டி. வாட்ச் கட்டிக்கொண்டு போன ஒரு தலைமுறை இங்கே இருந்தது. வெளிநாட்டு வாட்ச் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்த காலம். வேறு வாட்ச் வேண்டுமென்றால் கல்ஃப்பிலிருந்து மாமா வர வேண்டும், இல்லை பர்மா பஜாருக்குப் போக வேண்டும்.

அன்றைக்கு வாட்ச் என்பது வாழ்க்கையின் மைல்கல். பத்தாவது பாஸானால் வாட்ச், வேலை கிடைத்தால் வாட்ச், கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடு வாட்ச். பல கம்பெனிகளில் நீண்ட வருஷம் உழைத்தவருக்கும் வாட்ச் கொடுப்பார்கள். 25 வருஷம் அவருடைய நேரத்தை வாங்கிக்கொண்டு, ரிட்டையர் ஆகப்போகிறவரிடம் 'இந்தாங்க, இனிமே உங்க நேரத்தை நீங்களே பாத்துக்கோங்க' என்று திருப்பிக் கொடுத்த மாதிரி!

அப்புறம் வந்தது டைட்டன். டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் ஆரம்பித்த கம்பெனி. ஓசூரில் தொழிற்சாலை. சாவி கொடுக்கிற வாட்ச்சை எச்.எம்.டி. விடாமல் பிடித்துக்கொண்டிருந்தபோது, 'செல்' போட்டு ஓடுகிற குவார்ட்ஸ் வாட்ச்சோடு டைட்டன் இறங்கியது. மீதி வரலாறு உங்களுக்கே தெரியும். இன்றைக்கும் டைட்டனில் அதிகப் பங்கு வைத்திருக்கும் தனி நிறுவனம் டிட்கோதான், 27.88 சதவிகிதம். அதனால் அடுத்த முறை ஃபாஸ்ட்ராக் வாங்கும்போது, 'தமிழ்நாட்டு வளர்ச்சிக்காக வாங்குறேன்மா' என்று வீட்டில் சொல்லலாம். பொய் இல்லை.

எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூடுவதற்கு 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதே 2016-ல்தான் '24' படத்தில் வாட்ச் மெக்கானிக்காக வந்து நேரத்தையே பின்னால் ஓட்டினார் சூர்யா. நிஜத்தில் அப்படி ஓட்ட ஆள் இல்லை. ஆனால், மூடப்போகிறார்கள் என்ற செய்தி கிளம்பியதுமே ஒரு அதிசயம் நடந்தது. இருக்கும்போது திரும்பிப் பார்க்காதவர்கள் எல்லோரும் எச்.எம்.டி. பைலட், ஜனதா, கோஹினூர் என்று தேட ஆரம்பித்தார்கள். மனுஷன் போன பிறகு நல்லவர் என்று பேசுவது நமக்குப் பழக்கம்தானே. இப்போதும் எச்.எம்.டி. பெயரில் ஆன்லைனில் வாட்ச் விற்கிறது. வாங்குவது யார்? பெரும்பாலும் அப்பாவுடைய வாட்ச்சைத் தேடும் பிள்ளைகள்.

நம்ம ஏரியா கலெக்டர்கள்: ஐந்து ரகம்

கலெக்டர் என்றதும் திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸ் என்று நினைக்காதீர்கள். இது வாட்ச் கலெக்டர்.

முதல் ரகம், எச்.எம்.டி. பக்தர். வயது 30-க்கு மேல். டயலில் இந்தி எழுத்து இருக்கிறதா, முள் ஒரிஜினலா, பின்பக்க மூடி ஒரிஜினலா என்று ஜாதகம் பார்ப்பது போலப் பார்ப்பார். பெண் பார்க்கப் போனால்கூட மாமனார் கையைத்தான் முதலில் பார்ப்பார்.

இரண்டாவது, கேஸியோ கட்சி. 1989-ல் வந்த எஃப்-91 டபிள்யூ முதல் எண்கோண ஜி-ஷாக் வரை வரிசையாக வைத்திருப்பார். 'ஒரு வாட்ச் விலைதானே' என்று ஆரம்பித்து, மொத்தம் கூட்டினால் ஒரு பைக் விலை வந்திருக்கும். கூட்ட மாட்டார்.

மூன்றாவது, ஆட்டோமேட்டிக் அண்ணன். 'செல் போட்ட வாட்ச்செல்லாம் வாட்ச்சா?' என்பார். ஆறு வாட்ச் வைத்திருப்பார். கட்டாத வாட்ச் நின்றுபோகும் என்பதால், அவற்றை ஆட்டிக்கொண்டே இருக்க ஒரு மெஷின் வாங்குவார். கைக்குழந்தையைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவது போல அது இரவெல்லாம் ஆட்டிக்கொண்டிருக்கும். கரன்ட் பில் கட்டும் அப்பா மட்டும் அதை ஒரு மாதிரி பார்ப்பார்.

நான்காவது, காப்பி கிங். 'ஃபர்ஸ்ட் காப்பி', 'மாஸ்டர் காப்பி', 'செவன் ஏ' என்று காபித்தூள் கடை மாதிரி ரகம் பிரிப்பார். இவரைப் பற்றி பின்னால் பேசுவோம்.

ஐந்தாவது, வெயிட்டிங் லிஸ்ட் சார். வானகரம் பக்கம் வில்லா, போரூரில் ஆபீஸ். பணம் இருக்கிறது, ஆனால் வாட்ச் கிடைக்காது. ரோலக்ஸ் வருஷத்துக்கு 10 லட்சத்துக்கு மேல் செய்கிறது என்பது வாட்ச் துறையின் மதிப்பீடு. இருந்தும் கேட்ட மாடல் கடையில் இருக்காது. பெயர் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். 'எவ்ளோ நாள் ஆகும்' என்று கேட்கக் கூடாது. நம்ம வீட்டில் கேஸ் கனெக்‌ஷனுக்கும் லேண்ட்லைன் போனுக்கும் தாத்தா காத்திருந்த அதே க்யூதான். ஏசி மட்டும் கூடுதல்.

ஐந்து ரகத்துக்கும் பொதுவான சில பழக்கங்கள் உண்டு. காரே இல்லாவிட்டாலும் ஸ்டீயரிங் பிடித்தபடி மணிக்கட்டை போட்டோ எடுப்பது. பார்சலை வீட்டு அட்ரஸுக்கு வரவைக்காமல் ஆபீஸுக்கு வரவைப்பது. 'இதுதான்டா கடைசி' என்று சத்தியம் செய்வது. "மணி ஒண்ணுதானே ஓடுது, அதுக்கு எதுக்குடா ஏழு வாட்ச்?" என்று அம்மா கேட்கும்போது பதில் இல்லாமல் நிற்பது.

ஆயிரம் ரூபாயிடம் தோற்ற பத்து லட்சம்

அம்மாவின் கேள்வியில் இருக்கும் நியாயத்தை அறிவியலும் ஒப்புக்கொள்கிறது.

ரோலக்ஸ் தன் வாட்ச்சுக்குத் தரும் உத்தரவாதம், ஒரு நாளைக்கு 2 விநாடிதான் முன்னே பின்னே போகும் என்பது. ஸ்பிரிங்கில் ஓடும் வாட்ச்சுக்கு அது பெரிய சாதனை. ஆயிரம் சொச்சத்துக்குக் கிடைக்கும் கேஸியோ எஃப்-91 டபிள்யூ? மாசத்துக்கு 30 விநாடி. அதாவது நாளைக்கு 1 விநாடி. பாதி! காரணம், உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் கல் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. மெக்கானிக்கல் வாட்ச்சின் பேலன்ஸ் சக்கரம் விநாடிக்கு ஆறு முதல் எட்டு முறைதான் துடிக்கும்.

1969 டிசம்பர் 25-ல் ஜப்பானின் சீகோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சுவிட்சர்லாந்தில் வாட்ச் தொழிலில் இருந்த சுமார் 90,000 பேர், அடுத்த பதினைந்து, இருபது வருஷத்தில் 30,000 அளவுக்குச் சுருங்கிவிட்டார்கள். துல்லியத்தில் ஜெயிக்க முடியாது என்று தெரிந்த சுவிஸ்காரர்கள் பேச்சை மாற்றினார்கள். 'இது மணி காட்டுற பொருள் இல்லீங்க, பரம்பரைச் சொத்து, கலை, கௌரவம்' என்றார்கள். தோற்ற இடத்திலேயே கடை விரித்து, விலையைப் பத்து மடங்கு ஏற்றி ஜெயித்த பிசினஸ் இது ஒன்றுதான் இருக்கும்.

அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் வேலை செய்கிறது என்றால், 2024 மார்ச்சில் ஜாம்நகரில் அம்பானி வீட்டுக் கல்யாணக் கொண்டாட்டத்தில் அனந்த் அம்பானியின் வாட்ச்சைப் பார்த்து மயங்கினார்கள் மார்க் சக்கர்பெர்க்கும் அவர் மனைவியும். அதுவரை வாட்ச் ஆசையே இல்லை என்ற சக்கர்பெர்க், அடுத்த ஒரு வருஷத்துக்குள் கோடிகளில் விலை போகும் வாட்ச் கட்டிக்கொண்டு வீடியோ போட ஆரம்பித்துவிட்டார். உலகத்தையே போனில் மணி பார்க்க வைத்தவர்களில் ஒருவருக்கே இந்தக் கதி என்றால், நம்ம ஆவடி தம்பி எம்மாத்திரம்?

'இன்வெஸ்ட்மென்ட் ப்ரோ' என்ற பொய்

சிரிப்பு இதுவரைதான். இனி கொஞ்சம் சீரியஸ்.

'வாட்ச் வாங்குறது செலவு இல்ல ப்ரோ, இன்வெஸ்ட்மென்ட்' என்று ரீல்ஸில் ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. 2017-ல் ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் கட்டிய ரோலக்ஸ் 1.77 கோடி டாலருக்கு ஏலம் போனதை உதாரணம் காட்டுவார்கள். உண்மைதான். ஆனால், அந்த விலை வாட்ச்சுக்கு இல்லை, பால் நியூமனுக்கு. கோவிட் காலத்தில் ஏறிய செகண்ட் ஹேண்ட் ரோலக்ஸ் விலை, 2022-ன் தொடக்கத்தில் உச்சம் தொட்டு, பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் இறங்கியது. உச்சத்தில் வாங்கியவர்கள் இன்னும் 'லாங் டேர்ம்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

கடையில் வாங்கும் சாதாரண வாட்ச்சில் பெரும்பாலானவை, வாசலைத் தாண்டியதும் விலை இறங்கிவிடும். தங்கத்தை அவசரத்துக்கு அடகு வைக்கலாம். பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் இருக்கும் அத்தனை அடகுக் கடையிலும் ஏறி இறங்கி, '40,000-க்கு வாங்கின வாட்ச்' என்று காட்டிப் பாருங்கள். 'மணி சரியா காட்டுதா தம்பி?' என்று கேட்டுவிட்டு திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

20,000 சம்பளத்தில் 40,000 ரூபாய் வாட்ச்சை இ.எம்.ஐ.யில் வாங்குவது இப்போது சுலபம். மொபைலில் நாலு தட்டு தட்டினால் போதும். ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள் என்பார்கள். இ.எம்.ஐ. மட்டும் 12 மாசம். ஒரு மாசம் தவணை தவறினால் வருகிற அபராதத்தையும் போன் காலையும் எந்த வாட்ச்சும் நிறுத்தி வைக்காது.

இ.எம்.ஐ. கூடக் கிடைக்காதவர்களுக்குத்தான் காப்பி வாட்ச். இங்கேதான் நம்ம காப்பி கிங் வருகிறார். போலி வாட்ச்சை விற்பது வர்த்தக முத்திரைச் சட்டப்படி குற்றம். அது ஒரு பக்கம் இருக்கட்டும். 1,500 ரூபாய் 'ரோலக்ஸ்' கட்டும் பையன் யாரையும் ஏமாற்றுவதில்லை, லோக்கல் டிரெயினில் இருக்கும் எல்லோருக்கும் அது காப்பி என்று தெரியும். அவர் கேட்பது ஒன்றே ஒன்று: 'என்னையும் கொஞ்சம் மதிங்க.' இன்டர்வியூவுக்குப் போகும்போது, பெண் வீட்டுக்குப் போகும்போது, ஐ.டி. பார்க் லிஃப்டில் ஏறும்போது, யாரோ ஒருவர் தன் கையைப் பார்த்து எடை போடுகிறார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதில் அவர் சொல்வது தப்பு இல்லை. எடை போடுகிறார்கள். காப்பி வாட்ச்சைக் கிண்டல் செய்வது சுலபம். ஒரிஜினலைப் பார்த்ததும் 'சார்' என்று எழுந்து நிற்கிற நம் பழக்கத்தைக் கிண்டல் செய்வதுதான் கஷ்டம்.

எச்.எம்.டி.யிலும் இந்தச் சிக்கல் உண்டு. பழைய டயலுக்குப் புது பெயின்ட் அடித்து, வேறு வேறு வாட்ச்சின் பாகங்களைக் கோத்து, ஆன்லைனில் பளபளவென்று விற்பார்கள். உலகம் முழுக்க சேகரிப்பாளர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'மும்பை ஸ்பெஷல்'. அறுபது வருஷப் பழசு என்று சொல்லி, நேற்று வாங்கிய வெள்ளித் தட்டு மாதிரி மின்னினால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

மைக்ரான் தெரிந்த ஊர் இது

வாட்ச் ரசனை என்பது பணக்காரர்களின் சமாச்சாரம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. நம்ம ஏரியாவைப் பொறுத்தவரை அது தப்பு.

ஒரு வாட்ச்சின் உள்ளே என்ன அதிசயம் இருக்கிறது என்பதை, பாடியிலிருந்து அம்பத்தூர் வரைக்கும் இருக்கும் பட்டறைகளில் வேலை செய்கிறவர்களைவிட நன்றாக யார் புரிந்துகொள்ள முடியும்? 0.01 மில்லிமீட்டர் தப்பினால் ஜாப் ரிஜெக்ட் என்ற கணக்கில் வாழ்பவர்கள் அவர்கள். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் டாங்க் செய்கிறவர்களுக்கும் அதே கணக்குதான். 2002-ல் வந்த டைட்டன் எட்ஜ் வாட்ச்சின் இயந்திரம் வெறும் 1.15 மில்லிமீட்டர் தடிமன், அதை ஓசூரில் செய்தார்கள் என்று சொன்னால், இன்ஸ்டா இன்ஃப்ளூயன்சர் 'வாவ்' என்பார். அம்பத்தூர் டர்னர், 'எந்த மெஷின்ல போட்டாங்க?' என்று கேட்பார். உண்மையான ரசனை அந்தக் கேள்விதான்.

ஒரே ஒரு முரண். சுற்றுகிற மெஷினில் வேலை செய்யும்போது பாதுகாப்புக்காக வாட்ச், மோதிரம், கயிறு எதுவும் கட்டக் கூடாது. நுணுக்கம் தெரிந்த கை, எட்டு மணி நேரமும் வெறுங்கையாகத்தான் இருக்கும். மணியை கம்பெனியின் பயோமெட்ரிக் மெஷின் பார்த்துக்கொள்கிறது. ஐந்து நிமிஷம் லேட்டானால் அரை நாள் சம்பளம் 'கட்' என்பதை அது துல்லியமாகச் சொல்லும். ஷிஃப்ட் முடிந்த பிறகு ஓடும் ஓவர்டைம் விஷயத்தில் மட்டும், பல இடங்களில் அதற்கு அவ்வளவு துல்லியம் இருப்பதில்லை.

இதற்கு நடுவே சத்தமில்லாமல் காணாமல் போய்க்கொண்டிருப்பவர் இன்னொருவர். தெருமுனையில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், ஒற்றைக் கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு குனிந்திருக்கும் வாட்ச் ரிப்பேர்க்காரர். இன்று அவரிடம் வருகிற வேலை செல் மாற்றுவதும், ஸ்ட்ராப் மாற்றுவதும்தான். ஸ்மார்ட்வாட்ச்சை அவரால் திறக்க முடியாது, திறந்தாலும் பிரயோஜனம் இல்லை. முடியிழை மாதிரி இருக்கும் ஹேர் ஸ்பிரிங்கைச் சிமிட்டாமல் நிமிர்த்தும் வித்தையை அவர் பிள்ளைகள் கற்றுக்கொள்ளவில்லை. அவர்கள் பக்கத்துக் கடையில் மொபைலுக்கு டெம்பர்ட் கிளாஸ் ஒட்டுகிறார்கள். வருமானம் அதில்தான்.

2025-ல் டைட்டன் தன் 40-வது ஆண்டையொட்டி 'ஜல்சா' என்ற வாட்ச்சை வெளியிட்டது. மொத்தமே 10 வாட்ச். விலை 40 லட்சத்துக்கு மேல். இந்தியாவிலேயே இப்படி ஒன்றைச் செய்ய முடிகிறது என்பது பெருமைதான். ஆனால், 10 பேர் கட்டப்போகும் வாட்ச்சைச் செய்யக் கைகள் இருக்கிற நாட்டில், 10 கோடிக்கு மேல் விற்ற எச்.எம்.டி.யை ரிப்பேர் செய்யக் கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. சேகரிப்பாளர்கள் கவலைப்பட வேண்டியது இதற்குத்தான். பெட்டியில் எத்தனை வாட்ச் இருந்தால் என்ன, அதை ஓட வைக்க ஆள் இல்லையென்றால் அது பித்தளைக் குவியல்.

எனவே, வாட்ச் ஆசை வந்துவிட்டதா? தப்பே இல்லை. முதலில் ரீல்ஸை மூடிவிட்டு வீட்டு பீரோவைத் திறங்கள். நெப்தலின் உருண்டை வாசனையோடு, கைக்குட்டையில் சுற்றி, தாத்தாவுடைய சாவி வாட்ச் ஒன்று இருக்க வாய்ப்பு உண்டு. அதை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோங்கள். பிரித்து, கழுவி, ஆயில் போட்டுக் கொடுப்பார். ஒரு நாளைக்கு அரை நிமிஷம் முன்னே பின்னே ஓடும். பரவாயில்லை, நாம மட்டும் என்ன கரெக்ட் டைமுக்கா ஆபீஸ் போறோம்?

அவர் சொல்கிற கூலியில் பேரம் பேசாதீர்கள். மறக்காமல் பில் மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கே அரசியலுக்கு வந்தால் கேட்பார்கள்!